எக்ஸ்ஓ மடிக்கணினி: வாக்குறுதியை ஒதுக்கிவிட்டு ஒரு மதிப்புரை

2005 நவம்பரில் தூனிஸ் நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டில் 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தைத் தொடங்கிய நிக்கோலஸ் நெக்ரோபான்டே, ஏழை நாட்டுப் பள்ளிக் குழந்தைகளுக்கான இந்த எக்ஸ்ஓ கணினியின் மாதிரியைக் காட்டியபோதே, அதைப் பற்றிய தீர்ப்புகள் தயாராகிவிட்டன. நூறு டாலர் கணினி ஏழைக் குழந்தைகளின் கல்வியையே மாற்றிவிடும் என்றனர் ஒரு சாரார்; இது மேலை நாட்டுச் சிந்தனையைத் திணிக்கும் கருவி என்றனர் மறு சாரார். இரு தரப்பும் பேசியது பொருளைப் பற்றியல்ல.

பொருளைப் பார்த்தால், முதலில் பாராட்ட வேண்டியது திரை. மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த இந்த 7.5 அங்குலத் திரையில் பின்னொளியை அணைத்துவிட்டால், கொளுத்தும் வெயிலிலும் எழுத்துகள் கறுப்பு வெள்ளையில் தெளிவாகத் தெரிகின்றன; விலை உயர்ந்த மடிக்கணினிகள் பலவற்றால் இன்றும் இது முடியவில்லை. காற்றாடியோ வன்தட்டோ இல்லாததால் மின்செலவு குறைவு. மூடினால், காதுகளைப் போல நிற்கும் இரண்டு ஆன்டெனாக்கள் மடங்கி யுஎஸ்பி துளைகளைத் தூசியிலிருந்து காக்கின்றன. இப்படி யோசித்தவர்கள் புழுதி பறக்கும் பள்ளிகளை மனத்தில் வைத்தே வேலை செய்திருக்கிறார்கள்.

ஆனால் 433 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்பி நினைவகமும் குழந்தைகளுக்கென உருவாக்கி இதில் நிறுவிய 'சுகர்' என்ற திரை இடைமுகத்துக்குப் போதவில்லை. ரப்பர் விசைப்பலகை பெரியவர் விரல்களுக்கு ஆகாது. மாநாட்டில் எல்லோரையும் கவர்ந்த, கையால் சுற்றி மின்சாரம் எடுக்கும் கைச்சுழற்றி, சுற்றும் விசை கணினியின் உடலைப் பாதிக்கும் என்பதால் விற்பனைக்கு வந்த வடிவில் இல்லை. விலையும் ஏறக்குறைய 188 டாலரானது.

கணினியைக் கொடுத்தாலே போதும் என்ற நம்பிக்கைக்குப் பெருவில் சோதனை நடந்தது. அங்கே 319 ஊரகப் பள்ளிகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதையும் காணவில்லை. அப்பள்ளிகள் பெரும்பாலானவற்றில் இணையமே கிடையாது. வகுப்பறைகளும் ஆசிரியர்களுமே அவசரத் தேவை என்று 2006இல் இந்தியக் கல்வி அமைச்சகம் இந்தக் கணினித் திட்டத்தை மறுத்தது, என் பார்வையில், இரு சாராரின் முழக்கத்தையும்விட நிதானமான மதிப்பீடு. உருகுவே இதே கணினியை இணைய வசதியுடன் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர் அனைவருக்கும் 2009க்குள் கொண்டுசேர்த்ததையும் மறக்கக் கூடாது.

இன்று பழைய பொருளாக வாங்க விரும்புவோர், இன்றைய இணையதளங்களைத் திறக்க இது திணறும் என்பதையும், பழைய மின்கலம் நீண்ட நேரம் தாங்காமல் போகலாம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். வெயிலில் அமர்ந்து மின்நூல் படிக்க மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம்.