சிவில் வக்கீல்களுக்கான பயிற்சி வகுப்புகள்: பல வருடம் உட்கார்ந்து பார்த்தவனின் அனுபவம்

எந்த வகுப்பில் சேரலாம், காசு கட்டிப் படிக்க வேண்டுமா, யூடியூபே போதாதா என்று ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில் முன்சீப் கோர்ட்டுக்கும் சப் கோர்ட்டுக்கும் நடுவே பல வருடமாக ஓடிக்கொண்டிருப்பவன் நான். பார் அசோசியேஷன் சனிக்கிழமை வகுப்பு, 2020க்குப் பிறகு கொட்டிய ஆன்லைன் உரைகள், பணம் கட்டிச் சேர்ந்த ஒரு சான்றிதழ் கோர்ஸ், வாட்ஸ்அப் குழுக்கள் என்று எல்லாவற்றிலும் இருந்திருக்கிறேன். எது கோர்ட்டில் நிற்கும்போது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

நம் ஊரில் வக்கீல் பதிவு செய்த பிறகு வருடத்துக்கு இத்தனை மணி நேரம் படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நியூயார்க்கில் ஆரம்ப காலம் தாண்டிய வக்கீல் 2 வருடத்துக்கு 24 மணி நேரக் கணக்குக் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் 2012 முதல் கட்டாயம். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு வருடம் 16 மணி நேரம் என்று இருந்ததை 2016-ல் கைவிட்டு, உனக்கு எது தேவையோ அதை நீயே பார்த்துப் படித்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். கட்டாயம் வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பும் கூட்டம்தான் பெருகும் என்பது என் எண்ணம். ஆனால் கட்டாயம் இல்லாததால் ஒரு விளைவு உண்டு: பத்து வருடம் முன்பு சீனியரிடம் கற்றதை வைத்தே காலம் தள்ளுகிற ஆட்கள் நம்மிடையே நிறைய, அவர்களுடைய கட்சிக்காரருக்கு அது தெரியவும் தெரியாது.

சனிக்கிழமை வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் பாரில் இது விட்டு விட்டு நடக்கும், செயலாளர் மாறினால் நின்றுபோகும், அப்புறம் யாராவது உயிர் கொடுப்பார்கள். பேசுகிறவரைப் பொறுத்துத்தான் எல்லாம். ஒருவர் வந்து முப்பது நாற்பது தீர்ப்புகளை வருடம், வால்யூம், பக்கத்தோடு வாசித்துவிட்டுப் போவார். நாமும் நோட்டில் எழுதுவோம், அந்த நோட்டை அதன் பிறகு திறக்க மாட்டோம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் (சிபிசி) ஆர்டர் 7 ரூல் 11, அதாவது விசாரணைக்கு முன்பே பிளெய்ன்ட்டை (வாதியின் வழக்கு மனுவை) நிராகரிக்கும் விதி, பற்றிய வகுப்பு என்றால் 1977-ன் அரிவந்தானந்தம் தீர்ப்பு வராமல் இருக்காது, சாமர்த்தியமான டிராஃப்டிங்கால் வழக்குமூலம் (வழக்குப் போடக் காரணம்) இருப்பதுபோல் காட்டும் மாயையை முளையிலேயே கிள்ள வேண்டும் என்ற அந்தப் பகுதியை எல்லாரும் சொல்வார்கள். ஒரு பிளெய்ன்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பத்தியில் தேதி மறைக்கப்பட்டிருக்கிறது, அந்தத் தேதியை வெளியே கொண்டுவந்தால் லிமிடேஷன் (வழக்குப் போடும் காலக்கெடு) எப்படி அடிபடும் என்று செய்து காட்டியவர்கள் மிகச் சிலர்.

அப்படிச் செய்து காட்டிய ஒருவரின் வகுப்பு இன்றும் எனக்குப் பயன்படுகிறது. ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி அவர். பெயர்களை மறைத்த ஒரு பழைய வழக்குக் கட்டை எல்லாருக்கும் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, "தம்பி, எதிர்த்தரப்பு இந்தப் பத்திரத்தை மார்க் பண்ணப் போகுது, எழுந்து என்ன சொல்லப் போறீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மார்க் என்றால் பத்திரத்தைச் சான்றாவணமாக (எக்சிபிட்) எண் போட்டு ஏற்பது. "ஆட்சேபணை சார்" என்று சொன்னால் விட மாட்டார், என்ன ஆட்சேபணை என்பார். பத்திரமே சாட்சியத்தில் ஏற்கத் தகாததா, இல்லை நிரூபிக்கிற முறைதான் தப்பா? ஒரிஜினல் இல்லாமல் நகலை நீட்டுகிறார்கள் என்பது இரண்டாவது வகை. அதை மார்க் ஆகும்போதே சொல்லாமல் விட்டுவிட்டு அப்பீலில் கிளப்ப முடியாது என்று 2003-ல் வேங்கடாசல கவுண்டர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, நம் ஊர்க் கோயில் சொத்து வழக்கு அது. ஸ்டாம்ப் போதாது என்ற ஆட்சேபணை இன்னும் கறாரானது. பத்திரம் ஒருமுறை எக்சிபிட் ஆகி உள்ளே போய்விட்டால் 1961-ன் ஜாவர் சந்த் தீர்ப்புப்படி அந்தக் கேள்வியே அதே வழக்கில் முடிந்துபோகும். "ஆட்சேபணைக்கு உட்பட்டு மார்க் செய்கிறேன், தீர்ப்பின்போது பார்ப்போம்" என்று 2001-ன் பிபின் பன்ச்சால் தீர்ப்பைக் காட்டி நகரும்போதும், ஸ்டாம்ப் விஷயத்தை அங்கேயே முடிவு செய்ய வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. இந்த மூன்றையும் தனித்தனியாக நான் முன்பே படித்திருந்தேன். சாட்சிக் கூண்டில் ஆள் நிற்க, பெஞ்ச் கிளார்க் நம்பர் போடக் கையை நீட்டுகிற அந்த ஓரிரு நிமிடத்தில் எது எதற்குப் பொருந்தும் என்று அந்த வகுப்புக்குப் பிறகுதான் யோசிக்காமல் வந்தது.

ஆன்லைன் உரைகளால் பெரிய நன்மை தூரம் ஒழிந்ததுதான். டெல்லியிலும் சென்னையிலும் பேசுகிற சீனியர்களை, மாலையில் ஆபீசில் உட்கார்ந்து கேஸ் கட்டுக்கு நடுவே கேட்க முடிகிறது, முன்பெல்லாம் இது நினைத்துப் பார்க்க முடியாதது. ஆனால் இந்த வீடியோக்களுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதை யாரும் ஒட்டுவதில்லை. மின்னணு ஆவணம் பற்றிய பழைய உரைகள் எல்லாமே பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் என்றே பேசும். 2020-ன் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பைச் சுற்றி அப்போது ஏகப்பட்ட உரைகள் வந்தன, நல்ல உரைகள்தான். ஆனால் 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்து, சான்றிதழ் பிரிவு 63-க்குப் போய், பகுதி அ பகுதி ஆ என்று இரண்டாகி, இரண்டாவதில் நிபுணர் கையெழுத்தும், ஆவணத்தின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) கேட்கிறது. பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு பழைய மாதிரியில் ஒரு பக்கச் சான்றிதழ் தயாரித்து வருகிற ஜூனியர்களை இன்றும் பார்க்கிறேன். கேட்கும் முன் உரையின் தேதியைப் பாருங்கள், அவ்வளவுதான்.

பழசு எல்லாம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். கொரோனா காலத்தில் லிமிடேஷன் நீட்டிப்பு பற்றி வந்த உரைகள் இப்போது யாருக்கு வேண்டும் என்று தோன்றும். 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தை விலக்கி எண்ண வேண்டும் என்ற சுப்ரீம் கோர்ட் உத்தரவு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 2019 டிசம்பர் 20-ல் வழக்குமூலம் எழுந்த ஒரு புரோநோட்டுக்கு மூன்று வருடம் 2022 டிசம்பரோடு முடிந்ததாகத்தான் மேலோட்டமாகப் படும். கோவிட் காலத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை 1.3.2022-ல் இருந்து எண்ணினால் 2024 டிசம்பர் தொடக்கம் வரை போகும். அப்படிப் போட்ட வழக்குகள் இப்போதுதான் டிரையலுக்கு வருகின்றன, எதிர்த்தரப்பு லிமிடேஷனை எழுவினாவாக (கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்வியாக) வைக்கக் கேட்கிறது. போர்டில் தேதி போட்டுக் கழித்துக் காட்டிய ஓர் உரை அந்தச் சமயத்தில் வந்தது, தேடி எடுத்து மறுபடி பார்த்தேன்.

பணம் கட்டிச் சேர்ந்த கோர்ஸுக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். சில ஆயிரம் ரூபாய், பதிவு செய்த வீடியோக்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, கடைசியில் ஒரு பிடிஎஃப் சான்றிதழ். முதல் பாதி, சிபிசி பிரிவுகளை ஸ்லைடில் போட்டு வாசிப்பது. இதற்குப் பணம் கட்டத் தேவையே இல்லை. இரண்டாம் பாதியில் டிராஃப்டிங் பயிற்சி இருந்தது, நாம் எழுதி அனுப்பினால் திருத்தி அனுப்புவார்கள், அது மட்டும் உருப்படி. சொத்தில் வெறும் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) மட்டும் கேட்டு நான் எழுதிய ஒன்றை, உரிமை மூலமே தகராறில் இருக்கும்போது விளம்புகை (சொத்து தன்னுடையது என்ற கோர்ட் அறிவிப்பு) கேட்காமல் இது எப்படி நிற்கும் என்று 2008-ன் அனதுலா சுதாகர் தீர்ப்பின் பத்தி எண்ணோடு திருப்பினார்கள். அப்படி ஆள் உட்கார்ந்து திருத்துகிற கோர்ஸ் என்றால் பணம் தரலாம்.

ஆனால் அந்தக் கோர்ஸுக்கு நம் மாநிலம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கோர்ட் கட்டணம் பற்றிய பாடம் முழுக்க மத்தியச் சட்டம். இங்கே நாம் போடுவது 1955-ன் தமிழ்நாடு சட்டப்படி. பாகப் பிரிவினை வழக்கில் அனுபவத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டவர் பிரிவு 37(1)-ல் தன் பங்கின் மதிப்புக்குக் கட்ட வேண்டும், கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொல்பவர் 37(2)-ல் நிர்ணயித்த தொகையைக் கட்டினால் போதும். நம் கோர்ட்டில் வழக்கு நம்பர் ஆகாமல் ரிட்டர்ன் ஆவதில் பெரும்பங்கு இந்த மாதிரி விஷயங்களில்தான். மகள்களின் பங்கு பற்றிய பாடமும் அதே கதை, 9.9.2005 மத்தியத் திருத்தத்தையும் 2020-ன் வினீதா சர்மா தீர்ப்பையும் விரிவாகச் சொல்லிவிட்டு, 25.3.1989 முதலே தமிழ்நாடு திருமணமாகாத மகளைக் கூட்டுப் பங்குதாரர் ஆக்கியதைப் பற்றி ஒரு வரி இல்லை. பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தில் உங்கள் மாநிலச் சட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வணிக வழக்குகள் பற்றி ஒரு வகுப்பு கட்டாயம் வேண்டும், குறிப்பாக எங்களைப் போல சிறிய ஊரில் இருப்பவர்களுக்கு. சாதாரண வழக்கில் எதிர்வழக்குரைக்கு (பிரதிவாதியின் பதில், டபிள்யூ.எஸ்.) 90 நாள் என்று இருந்தாலும் அது தாண்டினால் வழியே இல்லை என்று கிடையாது. 2002 திருத்தங்களை எதிர்த்து சேலம் வக்கீல்கள் சங்கம் போட்ட வழக்கில்தான் 2005-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தெளிவாக்கியது, நம் பக்கத்து பார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பழக்கத்தில் "டபிள்யூ.எஸ். அடுத்த வாய்தாவில் போட்டுக்கலாம்" என்று வணிக வழக்கில் இருந்தால் தீர்ந்தது. சம்மன் கிடைத்ததிலிருந்து 120 நாள் தாண்டினால் எதிர்வழக்குரை போடும் உரிமையே போய்விடும், 2019-ன் எஸ்சிஜி கான்ட்ராக்ட்ஸ் தீர்ப்பு அதில் இடைவெளி விடவில்லை. 2018-க்குப் பிறகு 3 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வணிகத் தகராறு எல்லாம் இதில் வந்துவிடும், அதாவது ஜவுளி சப்ளை பாக்கி, மெஷின் விற்ற பணம் என்று எங்களிடம் தினமும் வருகிற வழக்குகள். அவசர நிவாரணம் கேட்காத வழக்கு என்றால் முதலில் வணிக நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 12ஏ சமரசத்துக்குப் போயாக வேண்டும், 20.8.2022-க்குப் பிறகு போகாமல் போட்ட பிளெய்ன்ட் நிராகரிக்கப்படும். இரண்டு வகை வழக்கின் காலக்கெடுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் எடுத்த வகுப்பு ஒன்று இலவசமாக நடந்தது, நான் காசு கட்டிய கோர்ஸை விட அது மேல்.

என் பெரிய குறை எல்லா வகுப்பின் மேலும் உண்டு. பிளெய்ன்ட்டில் ஆரம்பித்து, எழுவினா, சாட்சி, வாதம், டிகிரி (தீர்ப்பாணை) என்று வந்து அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கட்சிக்காரருக்கு டிகிரி ஒரு காகிதம், வீட்டுச் சாவி கையில் வர வேண்டும். 2025 மார்ச்சில் தீர்ப்பான பெரியம்மாள் வழக்கு, சேலத்தில் 1986-ல் போட்ட ஸ்பெசிபிக் பெர்ஃபாமன்ஸ் (விற்பனை ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கும்) வழக்கு. ஜெயித்த பிறகும் நிலத்தை எடுக்கப் போனால் மறித்து, ஈ.பி.யிலேயே (டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனுவிலேயே) காலம் போய், வாரிசுகள் காலம் வரை வந்துவிட்டது. நாட்டில் எத்தனை ஈ.பி. நிலுவை என்று அந்த வழக்கில்தான் சுப்ரீம் கோர்ட் கணக்குக் கேட்டது, வந்த எண்ணிக்கை 8.8 லட்சத்துக்கும் மேல். இவ்வளவு இருந்தும் டிகிரி நிறைவேற்றம் பற்றிய ஆர்டர் 21-க்குப் பாதி நாள் ஒதுக்கிய வகுப்பை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

பார்த்த அந்த ஒன்றை நடத்தியவர் நீதிபதியோ சீனியரோ இல்லை. ஓய்வு பெற்ற ஒரு நாசர், கோர்ட் அமீனாக்களை மேற்பார்க்கும் அலுவலர். டெலிவரி வாரண்டை (சொத்தை ஒப்படைக்கும் உத்தரவை) எடுத்துக்கொண்டு அமீனா, அதாவது கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியர், ஊருக்குப் போனால் என்ன நடக்கும் என்று படிப்படியாகச் சொன்னார். பிளெய்ன்ட் ஷெட்யூலில் (சொத்து விவரப் பட்டியலில்) நான்கு எல்லை மட்டும் போட்டிருப்பார்கள், அந்த எல்லைக்காரர் செத்துப்போய் நிலம் இரண்டு கை மாறியிருக்கும். சர்வே நம்பர் பழையது, யு.டி.ஆரில் (அரசின் நில ஆவணப் புதுப்பிப்பில்) உட்பிரிவு ஆகி வேறு எண் வந்திருக்கும். ஊரில் காட்ட ஆள் இல்லை, சொத்தை அடையாளம் காண முடியவில்லை என்று வாரண்ட் திரும்பிவிடும். ஆர்டர் 7 ரூல் 3-ல் சொத்தை அடையாளம் காணும்படி எழுது என்று இருப்பதை நாம் சம்பிரதாயமாகப் படித்திருப்போம், அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை அவர் சொல்லித்தான் புரிந்தது. மூன்றாம் நபர் மறித்தால் ரூல் 97-ல் மனுப் போட வேண்டும், உரிமை உட்பட எல்லாக் கேள்வியையும் ரூல் 101-ன்படி ஈ.பி. கோர்ட்டே தீர்க்கும், தனி வழக்குக்கு ஓட வேண்டாம் என்பதையும் சொன்னார். 2021-ன் ராகுல் ஷா தீர்ப்பு ஈ.பி.யை 6 மாதத்தில் முடிக்கச் சொன்னதைக் காட்டி நாங்கள் கேட்டோம். சிரித்துவிட்டு, "ஷெட்யூல் சரியா இருந்தா முடியும் சார்" என்றார். அதற்குப் பிறகு நான் பிளெய்ன்ட் எழுதும்போது ஷெட்யூலைத்தான் முதலில் எழுதுகிறேன், பட்டா, எஃப்.எம்.பி. (நில அளவை வரைபடம்) நகலை வாங்கிவிட்டுத்தான் பேனாவையே எடுப்பது.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. தலைக்குறிப்பு மட்டும் வரும், எந்தச் சூழலில் சொன்னது என்பது வராது. 2023 ஜனவரியிலிருந்து சுப்ரீம் கோர்ட்டின் இ-எஸ்சிஆர் தளத்தில் தீர்ப்புகள் இலவசமாக முழுதாகக் கிடைக்கின்றன, இரண்டு நிமிட வேலை, திறந்து சம்பந்தப்பட்ட பத்தியைப் படித்துவிட்டுத்தான் குழுவில் வந்ததை நம்புகிறேன்.

அப்புறம் காசு விஷயம். முதல் சில வருடத்தில் இருக்கிற ஜூனியர் சான்றிதழுக்காகப் பணம் கட்ட வேண்டாம், அதை எந்தக் கட்சிக்காரரும் கேட்டதில்லை, எந்த நீதிபதியும் பார்த்ததில்லை. அந்தப் பணத்தில் மாநிலத் திருத்தங்களோடு வருகிற புதிய பதிப்பு சிபிசி ஒன்றும், கோர்ட் கட்டணச் சட்டமும் வாங்குங்கள். எழுதியதை ஆள் வைத்துத் திருத்திக் கொடுக்கிறார்கள் என்றால் மட்டும், அதுவும் எத்தனை டிராஃப்ட் திருத்துவார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொண்டு, சேரலாம். உங்கள் பாரில் வகுப்பு நின்றுபோயிருந்தால் பெரிய பேச்சாளரைத் தேடி அலைய வேண்டாம், ஓய்வு பெற்ற சிரஸ்தார் (கோர்ட் தலைமை எழுத்தர்), நாசர் யாராவது ஊரிலேயே இருப்பார்கள். ரிட்டர்ன் ஆன பிளெய்ன்ட்டையும், திரும்பி வந்த வாரண்ட்டையும் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் உட்காருங்கள்.