அம்பையில (அம்பாசமுத்திரம்) பத்திரம் எழுதுன எடம் பத்தி, பொம்பளப் புள்ளைங்க கண்டிப்பா படிங்க

தாத்தா நஞ்சை, தாமிரபரணி பாசனம், பட்டா இன்னும் அவிய பேர்லயேதான் கெடந்துச்சு, அவிய தவறுனது 1998ல. மாமா அம்மாவையும் சித்தியையும் ஒரு விடுதலைப் பத்திரத்துல, அதாவது பங்கு வேண்டாம்னு விட்டுக்குடுக்குற பத்திரத்துல, கையெழுத்து போடச் சொன்னாவ, நக போட்டு சீர் செஞ்சு கட்டிக்குடுத்தாச்சுல்லா பெறவென்னன்னு, இவியளும் சரின்னுட்டாவ. அதுக்குத்தான் அம்பையில ஒரு பத்திர எழுத்தர் ஆபீசுக்கு போனோம், எழுதுறது ஒரு அக்கா.

அந்தக்கா பேப்பர வாங்குன ஒடனே டைப் அடிக்கல. "யக்கா, ஒங்களுக்கு இதுல பங்கு உண்டுன்னு தெரிஞ்சுதான் விட்டுக்குடுக்கியளா?"ன்னு அம்மாட்ட நேரா கேட்டாவ. அம்மா முழிச்சாவ. பெறவு மாமாவையும் பக்கத்துல உக்கார வச்சே வெளக்குனாவ பாருங்க, அதுக்கே தனியா காசு குடுக்கலாம். எங்க பழைய பத்திரத்துல பூட்டிக்கு "ஆயுள் பரியந்தம் அனுபவிக்க, விற்க அதிகாரமில்லை"ன்னு இருந்துச்சு, அத எடுத்து காட்டி, 1937 சட்டமே விதவைக்கு அவ்ளோதான் குடுத்துச்சு, 1956லதான் முழு உரிமை வந்துச்சு, ஆனா அப்பவும் பூர்வீக சொத்துல பொறப்புரிமை பையனுக்கு மட்டுந்தான்னு சொன்னாவ. 1929லயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பொண்ணுக்கும் சமமா சொத்து வேணும்னு தீர்மானம் போட்டாச்சு, நம்ம தமிழ்நாட்டுல சட்டம் வந்தது 1989ல, அறுவது வருஷம்! அதுலயும் மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு கெடையாது. அம்மாவுக்கு 85ல கல்யாணம், அதனால அதுல வரல. 2005ல அந்த 1956 மத்திய சட்டத்த திருத்துன பெறவுதான் கல்யாணம் ஆனவ ஆகாதவன்னு பேதம் போச்சு, அப்பா 2005க்கு முன்னாடியே எறந்திருந்தாலும் உரிமை உண்டுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு. ஆனா ஒண்ணு, 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே பதிவு பண்ணி பாகம் பிரிச்சிருந்தா அத இப்ப கலைக்க முடியாது, எங்களுக்கு அப்படி எதுவும் நடக்கல.

இத்தன பேர் இத்தன வருஷம் போராடி வாங்குனத ஒரு சீர்வரிசைய காட்டி எழுதி வாங்குறாங்க, வீட்டுக்கு வீடு நடக்கு. எனக்கு அங்கனயே கண்ணு கலங்கிட்டு.

மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்ல, பெறவு அவியளே மூணு பங்கா எழுதச் சொல்லிட்டாவ. விடுதலைக்கு பதிலா பாகப்பிரிவினை பத்திரம்.

வேலை சுத்தம். முத்திரைக்கட்டணம், பதிவுக்கட்டணம், எழுத்துக்கூலி எல்லாம் தனித்தனியா எழுதி குடுத்தாவ, டிராப்ட அம்மாவுக்கு வாசிச்சு காட்டுனாவ, சர்வே நம்பர் ஒண்ணு தப்பா இருந்தத அப்பவே திருத்துனாவ. கொறைன்னா எடம் ரொம்ப நெருக்கடி, வயசானவங்க உக்கார சேர் பத்தாது, போன் அடிச்சா எடுக்கவே மாட்டாவ.

மூலப் பத்திரம், பட்டா, இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், எல்லாரோட ஆதாரும் மொதல்லயே எடுத்துட்டு போங்க, முகூர்த்த நாள்ல போகாதீங்க, அன்னைக்கு கூட்டம் தெருவரைக்கும் நிக்கும்.