220 படம், ஒரே வரி: எல்வாங் – ஹுவாங் புத்தகம்

பேராதனையில் பௌதிகவியல் படித்துவிட்டு இப்போது ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு ரியூஷன் எடுக்கிறேன். கடைசி வகுப்பு முடிந்து மழையில் பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இந்தப் புத்தகம், அதனால் எட்டு மாதத்தில் பாதியைத்தான் தாண்டியிருக்கிறேன், மதிப்பீடும் அந்த அளவுக்குத்தான்.

குவாண்டம் புலக்கோட்பாட்டில் சிதறல் வீச்சுகளை (துகள்கள் மோதிச் சிதறும் நிகழ்தகவைத் தரும் கணியங்களை) கணிக்கும் புது வழிகள் பற்றி ஹென்ரியெட் எல்வாங்கும் யூ-டின் ஹுவாங்கும் எழுதியது. கேம்பிரிட்ஜ் பதிப்பு 2015இல் வந்தது. விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 2013இல் வந்த முதல் வடிவம் ஆர்க்கைவ் (arXiv) என்ற ஆய்வுக்கட்டுரைத் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது, 300 பக்கத்துக்கு மேல். நான் படிப்பது அதைத்தான்.

முன்னுரையிலேயே ஆளைப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். இரண்டு குளுவான் (குவார்க்குகளை ஒட்டவைக்கும் துகள்) மோதி இரண்டாக வந்தால் 4 ஃபைன்மன் படம் (மோதல் நடக்கக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் ஒன்று) போட வேண்டும், மூன்றாக வந்தால் 25, நான்காக வந்தால் 220. ஆனால் இரண்டு குளுவானுக்கு மட்டும் ஹெலிசிட்டி (துகளின் சுழற்சி அது போகும் திசையோடு சேர்கிறதா, எதிர்க்கிறதா என்பது) எதிர்க்குறி, மற்றதெல்லாம் நேர்க்குறி என்றால், 1986இல் பார்க், டெய்லர் இருவரும் கொடுத்த சூத்திரம் அந்த 220ஐயும் ஒரே வரியில் முடித்துவிடுகிறது (குளுவானின் ‘நிறம்’ என்ற ஏற்றத்தைச் சார்ந்த பகுதியைத் தனியே கழற்றி வைத்த பிறகு).

ஏன் அப்படி என்பதை 2ஆம், 3ஆம் அத்தியாயங்கள் காட்டுகின்றன, புத்தகத்தின் உயிரே அங்கேதான். பிரிட்டோ, கச்சாசோ, ஃபெங், விட்டன் நால்வரும் 2005இல் நிறுவிய மீள்தொடர்பை (பெரிய வீச்சைச் சின்ன வீச்சுகளிலிருந்து கட்டும் சூத்திரத்தை) எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு துகளின் உந்தத்தை மட்டும் ஒரு சிக்கலெண்ணால் நகர்த்துகிறோம், ஒன்றில் கூட்டியதை மற்றதில் கழிப்பதால் மொத்தம் மாறாது, முனைவு (வீச்சு முடிவிலியாகும் புள்ளி) வரும் இடமெல்லாம் வீச்சு இரண்டு சின்ன வீச்சாக உடைகிறது, அப்புறம் அவற்றைச் சேர்த்து முழு வீச்சாக்குவதைச் சிக்கலெண் கணிதத்தின் கோஷி தேற்றம் பார்த்துக்கொள்ளும். ஐந்து குளுவானுக்கு நானே போட்டேன். ஒரே உறுப்பு, அரைப் பக்கம். ஆறு குளுவானில் மூன்று எதிர், மூன்று நேர் வரிசையாக நின்றால், சரியான சோடியை நகர்த்தும்போது இரண்டு உறுப்பு வரும், இரண்டிலும் இருக்கவே கூடாத ஒரு முனைவு ஒளிந்திருக்கும், கூட்டினால் அது மறைந்துவிடும். எண் போட்டு அதைச் சரிபார்த்த இரவு எனக்கு நித்திரையே இல்லை.

குறையும் இருக்கிறது. 4ஆம் அத்தியாயத்தில் மீச்சமச்சீர் (போசான்களையும் ஃபெர்மியான்களையும் இணைக்கும் சமச்சீர்) வந்ததும் வேகம் பிடித்து ஓடுகிறார்கள், நமக்கு மூச்சு வாங்குகிறது. இவர்களுடைய மெட்ரிக்கில் (இடநேரத் தூரத்தை அளக்கும் விதியில்) நேரத்துக்கு எதிர்க்குறி என்பதால் வேறு குறிப்புகளோடு ஒப்பிட்டால் குறி மாறி வரும், ஒரு வாரம் எனக்கு அதிலேயே போனது. பயிற்சிகள் பாடத்தின் நடுவிலேயே இருக்கின்றன, தாண்டிப் போனால் இரண்டு பக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஃபைன்மன் விதிகளைக் கையால் போட்டுப் பழகாதவர்கள் இப்போதைக்குத் தொட வேண்டாம். 5க்கு 4.

பிரின்ட் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. காசு மிச்சம் பிடிக்க ஒரு தாளில் இரண்டு பக்கம் போடச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், கடைக்காரர் மையும் குறைத்துவிட்டார், கோண அடைப்பும் சதுர அடைப்பும் ஒரே மாதிரித் தெரிகிறது, இந்தப் பாடத்தில் அது மாறினால் ஹெலிசிட்டியே மாறிவிடும். சதுர அடைப்பையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு வருகிறேன். போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "சேர், யார் இவ்வளவு பிழை விட்டது?"