1,350 யூரோ போய்விட்டது: மியூனிக்கில் பழைய கிராவல் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று மாலை மூன்றாவது முறையாக அந்தக் கடைக்காரர் என் அழைப்பைப் பாதியில் துண்டித்தார். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் பாதியை விட்டுவிடுவேன். போனது 1,350 யூரோ. பதினான்கு மாதம் மாதாமாதம் ஒதுக்கிச் சேர்த்த பணம். கடையின் பெயரை எழுதினால் வழக்குப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் எழுதவில்லை. பழைய சைக்கிள்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கும் சிறிய கடை. யார் வேண்டுமானாலும் எதையும் விற்கலாம் என்கிற ஓர் இணையச் சந்தையில்தான் அதன் விளம்பரத்தைப் பார்த்தேன். பழைய சைக்கிளில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊரில் கிராவல் என்றால் சாலை போடக் கொட்டும் செம்மண். இங்கே காட்டுக்குள்ளும் ஆற்றோரத்திலும் இறுக்கிப் போட்ட சரளைப் பாதை. அதற்கென்றே செய்த சைக்கிளில் ஹேண்டில் பந்தய சைக்கிளைப் போல வளைந்திருக்கும், டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகலமாக இருக்கும். மியூனிக்கின் தெற்கே பெர்லாகர் காட்டில் மரங்களுக்கு நடுவே கோடு கிழித்தாற்போல் நேராகப் போகும் பாதைகள் உண்டு. வடக்கே எங்லிஷர் கார்டன் பூங்காவில் தொடங்கினால் எம்மெராம் மரப்பாலத்தைத் தாண்டி, இஸ்மானிங் வழியாக ஃப்ரைசிங் வரை சுமார் 35 கிலோமீட்டர் இசார் ஆற்றை விட்டு விலகாமலே போகலாம். பின்னால் ஹாரன் அடிக்க ஒரு கார் கிடையாது. கரையோர வில்லோ மரங்களின் அடியைப் பீவர்கள் (மரத்தைக் கொறிக்கும் நீர்விலங்குகள்) பென்சில் சீவியதுபோல் கடித்து வைத்திருக்கும். மழை பெய்த மறுநாள் அந்தப் பாதையில் டயர் எழுப்பும் மெல்லிய நறநறப்பைக் கேட்டவர்களுக்குத்தான் நான் ஏன் பதினான்கு மாதம் காசு சேர்த்தேன் என்பது புரியும். நான்கு ஆண்டுகளாகச் சாதாரண நகர சைக்கிளில் போய், ஈரச் சரளையில் இரண்டு முறை சறுக்கி விழுந்திருக்கிறேன்.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். விளம்பரத்தில் 'கார்பன் ஃபிரேம், விபத்தில்லாதது, முழு சர்வீஸ் செய்தது' என்று இருந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறை. என்னை நிற்க வைத்து இடுப்பு உயரம் பார்த்து, சீட்டை அவரே இறக்கினார். எடையைக் கேட்டார். காற்றடித்துக்கொண்டே, "உங்கள் எடைக்கு இரண்டரை பார் அழுத்தம் போதும். சரளையில் காற்றுக் குறைவாக இருந்தால்தான் டயர் பிடிக்கும், மற்ற கடைகளில் கல்லுப்போல் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்" என்றார். அவர் சொன்னது சரி. அந்த ஒரு சரியான வார்த்தைதான் என்னை வீழ்த்தியது. இவ்வளவு தெரிந்து இவ்வளவு பொறுமையாகச் சொல்லும் மனிதர் நம்மை ஏமாற்றுவாரா என்று நினைத்தேன்.

ஃபிரேமின் கீழ்க்குழாயில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எதற்கு என்று கேட்டேன். "கல் தெறித்துப் பெயின்ட் போகாமல் இருக்க" என்றார். அப்படிப்பட்ட ஸ்டிக்கர் உண்மையிலேயே உண்டு என்பதால் மேலே கேட்கவில்லை. கார்டு கருவி பழுது என்று சொன்னதால் அங்கேயே நின்று உடனடி வங்கிப் பரிமாற்றத்தில் 1,350 யூரோ அனுப்பினேன். பணம் வந்ததும் கைகுலுக்கி, தண்ணீர்ப் போத்தல் மாட்டும் தாங்கி ஒன்றை இலவசமாகக் கொடுத்து, "இப்போதே எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுங்கள்" என்றார். போட்டேன். ரசீதை நான்காக மடித்துப் பையில் வைத்தேன். படிக்கவில்லை.

மூன்றாவது பயணத்தில், இஸ்மானிங்கை நெருங்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் 'டக் டக்' என்று சத்தம் வந்தது. பெடல் தளர்ந்திருக்கும் என்று இறங்கிப் பார்த்தேன், தளரவில்லை. ஸ்டிக்கரின் ஓரம் ஈரத்தில் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தேன். உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அதன்மேல் எதையோ பூசி, உப்புத்தாள் தேய்த்து, பெயின்ட் தடவியிருந்தார்கள். பூச்சு காய்ந்த சோற்றுப் பருக்கைபோல் கையோடு உதிர்ந்து வந்தது. சற்று முன்புதான் ஒரு சரிவில் வேகமாக இறங்கியிருந்தேன். கார்பன் வளைந்து எச்சரிக்காது, முறிந்தே விடும். அதை நினைத்தபோது கால் நடுங்கியது. இஸ்மானிங் நிலையம் வரை தள்ளிக்கொண்டு நடந்து, சைக்கிளுக்கும் டிக்கெட் எடுத்து எஸ்8 புறநகர் ரயிலில் வீடு திரும்பினேன்.

அன்றிரவு என் மனைவி ரசீதை விரித்துப் படித்தார். "இதில் கடை விற்றதாகவே இல்லையே, கவனித்தீர்களா?" என்றார். அடியில், எறும்பு எழுத்தில், 'இம் குண்டன்அவுஃப்ட்ராக்' என்று இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் சார்பில் விற்கிறோம் என்று பொருள். அதாவது விற்றவர் யாரோ ஒரு தனிமனிதர், கடை வெறும் தரகர், உத்தரவாதம் கிடையாது. வாங்கிய அன்று அவர் வாயிலிருந்து இதைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். அன்று தோளில் கை வைத்துப் பேசியவர் இன்று மேசைக்குப் பின்னாலிருந்து எழவே இல்லை. "நாங்கள் விற்கவில்லை, உரிமையாளரிடம் கேளுங்கள்" என்றார். உரிமையாளரின் முகவரியைக் கேட்டால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி தர முடியாதாம். மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று கணினி பதில் சொன்னது, மனிதர் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அழைத்தால், அதைக் கவனிக்கிறவர் விடுமுறையில் இருக்கிறார் என்றார்கள். அடுத்த வாரம் கதை மாறியது. நான்தான் பாறையில் மோதியிருக்க வேண்டுமாம், கடையை விட்டுப் போகும்போது ஃபிரேம் முழுசாக இருந்ததாம். அப்படியானால் விரிசலுக்கு மேல் பூச்சு எப்படி வந்தது என்று கேட்டேன். அப்போதுதான் முதல் முறை இணைப்பைத் துண்டித்தார்.

இணையச் சந்தையிடம் முறையிட்டேன். நாங்கள் அறிவிப்புப் பலகை மட்டுமே, பேரத்தில் எங்களுக்குப் பங்கில்லை என்று இரண்டு வரி வந்தது. என் ஐந்து நட்சத்திரத்தை மாற்றி நடந்ததை எழுதினேன், இரண்டே நாளில் அது நீக்கப்பட்டது. வேறொரு பழுதுக்கடையில் 40 யூரோ கொடுத்துப் பரிசோதித்தேன். விரிசல் பழையது, மறைத்துப் பூசப்பட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஃபிரேமில் இனி ஏறாதீர்கள் என்றும் சொன்னார்கள். நுகர்வோர் ஆலோசனை மையத்திலும் கேட்டேன். விற்பனையின் லாப நட்டம் உண்மையில் கடையுடையது என்றால், 'சார்பில்' என்ற சொல்லைக் காட்டிக் கடைக்காரர் தப்ப முடியாது என்றார்கள். தெரிந்தே குறையை மறைத்திருந்தால், உத்தரவாதம் இல்லை என்ற வரியும் செல்லாது. ஆனால் இதையெல்லாம் நிரூபிக்க வேண்டியது நான். வழக்கறிஞர் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 1,350 யூரோவில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியவில்லை.

இன்று காலை அதே சந்தையில் அதே கடையின் புதிய விளம்பரம். வேறு சைக்கிள், அதே 'விபத்தில்லாதது'. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்க்குழாயில் அதே கறுப்பு ஸ்டிக்கர். இதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

விரிவாகச் சொல்ல நினைத்தேன், மனம் ஓடவில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். ஸ்டிக்கர் எதுவாக இருந்தாலும் உரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். கார்பன் குழாயை நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், ஓரிடத்தில் சத்தம் மந்தமானால் அங்கே சந்தேகம் கொள்ளுங்கள். பெடல்கள் சுழலும் நடு அச்சுக்கு அடியில் பெரும்பாலும் இருக்கும் ஃபிரேம் எண்ணைப் படமெடுங்கள். திருட்டு சைக்கிள் என்றால் தெரியாமல் வாங்கியிருந்தாலும் அது உங்களுக்குச் சொந்தமாகாது. ரசீதில் விற்பவர் என்று கடையின் பெயரே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முதல் 12 மாதத்துக்குள் தெரியவரும் குறை முன்பே இருந்ததாகத்தான் இங்கே சட்டம் எடுத்துக்கொள்ளும், 2022 முதல் அப்படித்தான். உடனடிப் பரிமாற்றம் வேண்டவே வேண்டாம், போன பணத்தைத் திரும்ப இழுக்க முடியாது.

நாளை காலை கடைக்குப் பதிவுத் தபால் அனுப்புகிறேன், பதினான்கு நாள் கெடு வைத்து. சைக்கிள் நிலவறையில் சுவரோரம் நிற்கிறது. இதே கடையில் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், ரசீதின் படத்தோடு.