எழுபதுகளின் பிட்ஸ்பர்க்கா, எண்பதுகளின் சான் பிரான்சிஸ்கோவா?

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில், பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டி முடிந்துவிட்டால் செப்டம்பர் வரை கணக்கில் வரும் ஆட்டம் கிடையாது. அந்த இடைவெளியில்தான் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் பலருக்கும் வருகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்ப்பதில் எனக்குத் திருப்தி இல்லை. ஒரு காலத்தை எடுத்துக்கொண்டு, ஒரே அணியை ஏற்றம் முதல் இறக்கம் வரை தொடர வேண்டும் என்று நினைத்தேன். எந்த அணி என்பதுதான் கேள்வி.

பலவற்றைச் சீக்கிரமே தள்ளிவிட்டேன். வின்ஸ் லொம்பார்டியின் கிரீன் பே அறுபதுகளில் ஏழு ஆண்டுகளில் ஐந்து பட்டம் வென்றது. ஆனால் முழு ஆட்டங்களாகப் பார்க்கக் கிடைப்பது சொற்பம். 1972 மயாமி 17-0 என்று தோல்வியே காணாத அணி, 1985 சிகாகோ பேர்ஸ் மிரட்டிய அணி. இரண்டின் புகழும் பெரும்பாலும் ஒரே ஒரு சீசனைச் சுற்றியே நிற்கிறது. கடைசியில் மிஞ்சியவை இரண்டு. சக் நோல் பயிற்றுவித்த எழுபதுகளின் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், பில் வால்ஷ் உருவாக்கிய எண்பதுகளின் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ். ஆளுக்கு நான்கு சூப்பர் பவுல், நான்கிலும் தோல்வி இல்லை. நான் பிட்ஸ்பர்க்கைத் தேர்ந்தேன். சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைத்து எழுதப் போவதில்லை.

எளிதான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். படத்தின் தெளிவு, ஆட்டத்தின் வேகம், பந்தெறிதலின் அழகு என எதை எடுத்தாலும் நைனர்ஸே மேல். வால்ஷின் முறையில், பந்தெறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் குறுகிய தூரத்துக்குச் சட்டென்று எறிவார், பந்தைப் பிடித்தவர் அதன் பிறகு ஓடி தூரம் சேர்ப்பார். ஆட்டத்தின் முதல் பதினைந்து நகர்வுகளையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார் வால்ஷ். ஜோ மான்டானா, ஜெர்ரி ரைஸ், ரோஜர் கிரெய்க் என்று அதை ஆடிக்காட்டியவர்களும் அப்படி. 1985இல் ஒரே சீசனில் ஓடி ஆயிரம் கெஜம், பிடித்து ஆயிரம் கெஜம் என்று இரண்டையும் முதலில் தொட்டவர் கிரெய்க். இன்றைய ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் உடனே பிடிபடும்.

எழுபதுகள் அப்படியில்லை. 1977இல் ஓர் அணி ஒரு ஆட்டத்துக்கு எடுத்த சராசரி 17 புள்ளிகள்தான். முழு ஆட்டமாகப் பார்த்தால் மூன்று கெஜம், இரண்டு கெஜம், அப்புறம் பந்தை எதிரணிக்கு உதைத்துவிடும் பன்ட் என்று நீண்ட நேரம் போகும். பலர் எழுபதுகளின் ரசிகர்களானது என்எஃப்எல் ஃபிலிம்ஸ் வழியாக. மெதுவாகச் சுழன்று வரும் பந்து, வாயிலிருந்து ஆவி பறக்கும் வீரர்கள், ஜான் ஃபசெண்டாவின் ஆழ்ந்த குரல். அந்தத் தொகுப்புகளை மட்டும் பார்த்துவிட்டு முழு ஆட்டத்துக்குள் போனால் முதல் அரைமணி நேரம் சோர்வாக இருக்கும். இருந்தும் ஒன்று சொல்கிறேன், ஸ்டீலர்ஸின் டிஃபென்ஸைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் அந்த மூன்று கெஜமே சுவாரசியமாகிவிடும். ஜோ கிரீன் நடுவில் எப்படிச் சாய்வாக நிற்கிறார், ஜாக் லாம்பர்ட் எத்தனை அடி பின்வாங்குகிறார் என்று கவனிக்க ஆரம்பித்த பிறகு நான் ஸ்கோரைப் பார்ப்பதே குறைந்துவிட்டது.

இரு அணிக்கும் ஊரே மறக்காத ஒரு கணம் உண்டு. பிட்ஸ்பர்க்குக்கு 1972 டிசம்பர் 23. ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்கு எதிராக 7-6 என்று பின்தங்கி, 22 விநாடி மிச்சமிருக்கையில் டெர்ரி பிராட்ஷா எறிந்த பந்து, ஸ்டீலர்ஸின் ஃபிரெஞ்சி ஃபுகுவாவும் ரெய்டர்ஸின் ஜாக் டேட்டமும் மோதிக்கொண்ட இடத்திலிருந்து தெறித்துப் பின்னால் வருகிறது. புதுமுகம் ஃபிராங்கோ ஹாரிஸ் அதைத் தரையில் விழும் முன் கால் அருகே அள்ளிக்கொண்டு எல்லை வரை ஓடி டச்டவுன் எடுத்துவிடுகிறார். பந்து கடைசியாக யார் மேல் பட்டது என்பது எந்தக் கேமராவிலும் தெளிவாக இல்லை. அன்றைய விதிப்படி அடுத்தடுத்து ஒரே அணியின் இருவர் மேல் பட்டிருந்தால் அந்த டச்டவுன் செல்லாது. இன்றும் ரெய்டர்ஸ் ரசிகர்கள் ஒத்துக்கொள்வதில்லை. 1933இல் தொடங்கிய ஸ்டீலர்ஸ், அதுவரை ஒரு பிளேஆஃப் ஆட்டத்தைக்கூட வென்றதில்லை என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கூச்சலின் அர்த்தம் விளங்கும்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு 1982 ஜனவரி 10. டல்லஸுக்கு எதிராக 89 கெஜம் நகர்ந்து வந்து, மான்டானா பின்னுக்கு ஓடிக்கொண்டே எறிந்ததை டுவைட் கிளார்க் எட்டிப் பிடித்தது. 28-27. அதற்குப் பிறகும் 51 விநாடி இருந்தது. அதில் டல்லஸின் ட்ரூ பியர்சன் பந்தைப் பிடித்து ஓட, எரிக் ரைட் பின்னாலிருந்து தோள்பட்டையைப் பற்றி இழுத்து நிறுத்தினார். ரைட்டின் அந்தக் கை நழுவியிருந்தால் கிளார்க்கின் படத்தை இன்று யாரும் சுவரில் மாட்டியிருக்க மாட்டார்கள். இது வெறும் விளையாட்டாகப் பார்த்தால் ஹாரிஸின் கணத்தைவிட உயர்ந்தது; திட்டமிட்டு, பயிற்சி செய்து வைத்திருந்த நகர்வு அது. ஆக, இந்தச் சுற்றில் நான் யாருக்கும் வெற்றி தரவில்லை.

சரி, பிறகு ஏன் பிட்ஸ்பர்க்? முகங்கள். நான் முடிவெடுத்தது இந்த ஒரே காரணத்தால்தான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான்கு சூப்பர் பவுலையும் வென்ற ஸ்டீலர்ஸ் வீரர்கள் 22 பேர். 1981 முதல் 1989 வரையிலான நைனர்ஸின் நான்கிலும் இருந்தவர்கள் ஐந்தே பேர்: மான்டானா, ரானி லாட், எரிக் ரைட், கீனா டர்னர், மைக் வில்சன். நைனர்ஸின் நான்கும் ஒன்பது சீசன்களில் பரவியிருக்கின்றன, ஸ்டீலர்ஸின் நான்கும் ஆறே சீசனுக்குள் அடங்கிவிட்டன. இந்த வித்தியாசத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் காலம் மட்டும் காரணமில்லை. ஒரு வீரரை ஓராண்டு தாமதமாக விடுவதைவிட ஓராண்டு முன்னதாக விட்டுவிடுவது நல்லது என்பது வால்ஷின் கொள்கை. அணி தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டது. வெல்வதற்கு அது சரியான வழி என்பதில் சந்தேகமே இல்லை; எண்பதுகளில் பெரும்பாலும் நைனர்ஸ் மேலேயே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நாற்பது வருடம் கழித்து உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு, இரண்டு மூன்று சீசனுக்கு ஒருமுறை புது ஆட்களைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிட்ஸ்பர்க்கில் அந்தச் சிரமமே இல்லை. 1969இல் நோல் வந்தார், முதல் சீசனில் 1 வெற்றி, 13 தோல்வி. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவருடைய முதல் தேர்வு ஜோ கிரீன். அடுத்த ஆண்டு பிராட்ஷாவும் மெல் பிளவுன்ட்டும், அதற்கடுத்து ஜாக் ஹாம், 1972இல் ஹாரிஸ். 1974இல் ஒரே டிராஃப்டில் லின் ஸ்வான், லாம்பர்ட், ஜான் ஸ்டால்வர்த், மைக் வெப்ஸ்டர். நால்வரும் பிற்பாடு, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்கள். அதே ஆண்டு டிராஃப்டில் யாரும் எடுக்காத டானி ஷெல்லும் வந்து சேர்ந்து, அவரும் அங்கே போனார். இதில் பில் நன் பெயரைச் சொல்லாமல் விட முடியாது. பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினத்தவர் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர், கறுப்பினக் கல்லூரிகளின் வீரர்களை நன்கு அறிந்தவர். மற்ற அணிகள் அங்கே அரைமனதாகத் தேடிய காலத்தில் ஸ்டீலர்ஸ் அவரை வேலைக்கு எடுத்தது. பிளவுன்ட், எல்.சி. கிரீன்வுட், ஸ்டால்வர்த், ஷெல் எல்லாரும் அந்தக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள்தான்.

இவர்கள் வந்தார்கள், இருந்தார்கள். 1979 சீசனில் நான்காவது பட்டம் வென்றபோது, அணியில் இருந்த எவரும் அதற்குமுன் வேறொரு என்எஃப்எல் அணிக்கு ஆடியதில்லை. ஆகவே 1972 முதல் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் ஒரு நீண்ட தொடர்கதை படிக்கிற மாதிரி இருக்கிறது. 1974இல் பிராட்ஷா உட்கார வைக்கப்பட்டு முதல் ஆறு ஆட்டங்களை ஜோ கில்லியம் ஆடுகிறார். அதே பிராட்ஷா 1978இல் லீகின் சிறந்த வீரர். 1976இல் முதல் ஐந்து ஆட்டத்தில் நான்கு தோல்வி, அப்புறம் கடைசி ஒன்பது ஆட்டங்களில் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது 28 புள்ளிகள், அதில் ஐந்து ஆட்டங்களில் பூஜ்யம். கடைசியில் ஹாரிஸும் ராக்கி பிளையரும் காயத்தில் வெளியே இருக்க, ரெய்டர்ஸிடம் 24-7. பட்டமில்லாத அந்த அணிதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று வாதிடுவோர் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான். 1978இல், பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஐந்து கெஜத்துக்கு அப்பால் தொடக்கூடாது என்ற விதி வந்தது. பிளவுன்ட் மாதிரி ஆடுகிறவர்களை அடக்க வந்த விதி என்று அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. அதற்கு அசராமல் நோல் பந்தெறியும் அணியாக மாறி இன்னும் இரண்டு பட்டம் வென்றார். ஆட்கள் அதேதான், ஆட்டம் வேறு. இப்படி ஒன்றை நைனர்ஸிடம் நான் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் எழுபதுகளின் ரசிகர்கள் வழக்கமாகத் தாண்டிப்போகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த முகங்கள் மாறாமல் இருந்ததற்கு விசுவாசம் மட்டும் காரணமில்லை. போவதற்கு அவர்களுக்கு வழி இல்லை. ஒப்பந்தம் முடிந்த வீரரை வேறு அணி எடுத்தால், பழைய அணிக்கு என்ன ஈடு தர வேண்டும் என்று கமிஷனர் பீட் ரோஸெல் முடிவு செய்வார். அந்தப் பயத்தில் பெரும்பாலும் யாரும் எடுக்க மாட்டார்கள். 1974 கோடையில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தது இந்தச் சுதந்திரத்துக்காகத்தான். அது முழுதாகக் கிடைக்க 1993 ஆனது. அடுத்த ஆண்டே சம்பள உச்சவரம்பும் வந்தது. 22 பேர் சேர்ந்து நான்கு பட்டம் என்பது இனி எந்த அணியிலும் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நடக்காமலிருப்பது வீரர்களுக்கு நல்லது. எனக்குப் பிடித்தது ஒன்று, நியாயமானது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்ட எனக்கு மனமில்லை.

வெப்ஸ்டரின் விஷயம் இதைவிடக் கனமானது. ஸ்டீலர்ஸுக்காக 15 சீசன் நடுவில் நின்று மோதியவர், 2002இல் 50 வயதில் இறந்தார். பிட்ஸ்பர்க்கில் அவர் மூளையைப் பரிசோதித்த மருத்துவர் பென்னட் ஒமாலு, தொடர்ந்த தலையடிகளால் வரும் சிடிஇ என்ற பாதிப்பை ஒரு என்எஃப்எல் வீரரிடம் முதன்முறையாகக் கண்டறிந்தார். அதற்குப் பிறகு பழைய ஆட்டத்தில் வெப்ஸ்டர் குனிந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கொஞ்சம் பதறுகிறது. பழைய கால முரட்டு ஆட்டத்தைப் புகழ்ந்து பேசும்போது நான் இப்போது வார்த்தைகளை அளந்துதான் பேசுகிறேன்.

ஊர் என்ற வகையிலும் எனக்குப் பிட்ஸ்பர்க்தான். அணி வென்றுகொண்டிருந்த அதே காலத்தில் உருக்காலைகள் தடுமாற ஆரம்பித்தன. எண்பதுகளில் ஒன்றன்பின் ஒன்றாக மூடின, ஹோம்ஸ்டெட் ஆலை 1986இல். வேலை தேடி ஊரைவிட்டுப் போனவர்கள் அணியையும் கொண்டுபோனார்கள். இன்றும் ஸ்டீலர்ஸ் எந்த ஊருக்குப் போனாலும் பார்வையாளர் பகுதியில் அந்த மஞ்சள் துண்டு சுழல்வது அதனால்தான். 1975இல் மைரன் கோப் என்ற வர்ணனையாளர் தொடங்கிவைத்த துண்டு அது. நைனர்ஸ் ரசிகர்களுக்கு அவ்வளவு பற்று இல்லை என்று நான் சொல்லவில்லை. கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தின் காற்றிலும் குளிரிலும் உட்கார்ந்து பார்த்தவர்களின் நினைவுகளை நான் குறைவாகவே படித்திருக்கிறேன், ஆகவே இதில் என் தராசு சாய்ந்திருக்கலாம். நைனர்ஸின் பட்டம் வென்ற சீசன்களை ஓரளவு நன்றாகப் பார்த்தேன். இடைப்பட்ட 1985, 1986, 1987 ஆண்டுகளைத் துண்டு துண்டாகத்தான். அந்த ஆண்டுகளை முழுதாகப் பார்த்தவர் என்னை மறுத்தால் கேட்டுக்கொள்வேன்.

ஒரே அணியிடம் ஒட்டிக்கொண்டதன் விலையும் தெரிகிறது. நோல் தன் ஆட்களை நீண்ட நாள் வைத்திருந்தார். 1980இல் 9 வெற்றி, 7 தோல்வி, பிளேஆஃப் இல்லை, பிறகு அந்த அணி மீளவேயில்லை. ஹாரிஸ்கூட சம்பளத் தகராறில் வெளியேறி 1984இல் சியாட்டில் சட்டையில் முடித்தார். அந்த ஆட்டங்களை நான் வேண்டுமென்றே பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

இந்த ஆட்டத்துக்கே புதியவர் என்றால் நைனர்ஸில் தொடங்குங்கள், 1989 ஜனவரியில் சின்சினாட்டிக்கு எதிரான சூப்பர் பவுல் போதும். கடைசி மூன்று நிமிடத்தில் மான்டானா 92 கெஜம் நகர்த்திக்கொண்டு போவதைப் பார்த்தால் ஆட்டம் முழுதும் புரிந்துவிடும். ஏற்கெனவே பழகியவர், நிதானமாக ஒரு கூட்டத்தோடு வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று நினைப்பவர், 1974 டிசம்பர் 29க்குப் போங்கள். ஓக்லண்டில் ரெய்டர்ஸை 24-13 என்று வென்று ஸ்டீலர்ஸ் முதல் சூப்பர் பவுலுக்குள் நுழைந்த ஆட்டம் அது. ஸ்கோரை விடுங்கள், ஜோ கிரீனை மட்டும் பாருங்கள்.