திருச்சி – யாழ்ப்பாணம்: நேரே பலாலியா, கொழும்பு சுற்றா, கப்பலா?

வரைபடத்தில் ஸ்கேலை வைத்துத் திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கும் கோடு போட்டால் சுமார் 185 கிலோமீட்டர் வருகிறது. அதே திருச்சியிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க நிலையத்துக்குப் போட்டால் 415ஐத் தாண்டுகிறது. இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் டிக்கெட்டில் பயண நேரத்தைப் பாருங்கள்: இரண்டுமே ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும்.

காரணம் பலாலியின் ஓடுபாதை. 1,400 மீட்டர்தான் என்பதால் பெரிய ஜெட் அங்கே இறங்க முடியாது. இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர் 72 தான் வருகிறது. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. கொழும்புக்குப் போகும் ஏர்பஸ் 800க்கு மேல் போகும். சரி, 500 என்றே வைத்தாலும் 185 கிலோமீட்டருக்கு 22 நிமிடம்தானே? கணக்குப்படி அவ்வளவுதான். டிக்கெட்டில் இருப்பதோ, இங்கே வண்டி நகரத் தொடங்கியதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரையான நேரம். ஓடுபாதை வரை ஊர்வது, உயரம் ஏறுவது, இறங்கும் திசைக்குத் திரும்புவது எல்லாம் அதில் அடக்கம். குறுகிய தூரத்தில் பறப்பதைவிட இந்தச் சில்லறை வேலைகளுக்கே நேரம் அதிகம்.

இதைப் பார்த்துவிட்டு 'இரண்டும் ஒன்றுதானே' என்று கொழும்புக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பயணம் இறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கும். கட்டுநாயக்கவிலிருந்து புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று சுமார் 360 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம். ரயிலில்தான் போவேன் என்றால், முதலில் தெற்கே 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும். கொழும்பில் வேறு வேலை இருந்தாலொழிய இந்தச் சுற்றில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பலாலியில் இறங்கினால் யாழ் நகரம் 20 கிலோமீட்டருக்குள்.

சென்னை – பலாலி சுமார் 355 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக் குறைய. பழைய தடம் இது: 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் டகோட்டா விமானம் கொழும்பை ஒட்டிய இரத்மலானையில் கிளம்பி, பலாலிக்குப் பக்கத்துத் துறைமுக ஊரான காங்கேசன்துறையைத் தொட்டுத்தான் சென்னைக்கு வந்தது. போர்க்காலத்தில் விட்டுப்போனது, 2019 நவம்பரில்தான் மறுபடி தொடங்கியது. திருச்சி நேரடி சேவை 2025 மார்ச்சில் வந்தபின், தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்கள் இதற்காகச் சென்னை வரை போவது வீண் அலைச்சல்.

கப்பலை மறந்துவிடவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கடலில் சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். தூரத்தில் எல்லாவற்றிலும் குறைவு இதுதான். ஆனால் திருச்சியிலிருந்து நாகைக்கே 140 கிலோமீட்டருக்கு மேல்; காலைக் கப்பலுக்கு நள்ளிரவு தாண்டியே பஸ் பிடிக்க வேண்டும். நாகை, காரைக்கால்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்குக் கப்பல்தான் சரி. ஒன்று மட்டும்: ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ போகிறவர் விமானத்துக்கே பணத்தைக் கட்டிவிடுவது நல்லது.