சக்கிமுக்கியா, இன்லைனா?

அமெரிக்காவில் பல மாநிலங்கள் மான் வேட்டைக்கு ஒரு தனிப் பருவம் ஒதுக்கியிருக்கின்றன. குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கிக்கான பருவம் அது. அதற்குள்ளேயே இரண்டு கட்சி. சக்கிமுக்கிக்கல்லோ, அடிபட்டால் தீப்பொறி தரும் சின்ன உலோகக் கேப்போ வைத்துச் சுடும் பழைய வகை ஒரு பக்கம். 1985-இல் டோனி நைட் என்ற துப்பாக்கித் தயாரிப்பாளர் எம்கே-85 மாடலைக் கொண்டுவந்த பிறகு பரவலான, மருந்துக்கு நேர் பின்னாலிருந்து தீ வைக்கும் இன்லைன் வகை மறுபக்கம்.

பேச்சு எடுத்தாலே எது அதிக தூரம் சுடும் என்பதில்தான் போய் நிற்கும். அதை முதலில் முடித்துவிடுவோம். பழையதில் சுடுவது துணித்துண்டில் பொதிந்த ஈய உருண்டை. அரை அங்குலக் குழலுக்கான .50 அளவில் எடை ஏறக்குறைய 177 கிரெய்ன், அதாவது சுமார் பதினொன்றரை கிராம். உருண்டை என்பதால் காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். 75 கஜம், மிஞ்சினால் 100. இன்லைனில் பிளாஸ்டிக் உறைக்குள் நீளமான குண்டு, பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் நெருக்கமான சுழல் வரி. தொலைநோக்கியும் பொருத்திவிட்டால் பழகிய கை 150 கஜத்தைத் தாண்டியும் சுடும். ஆனால் அடர்காட்டில் மான் கண்ணில் படுவதே 50 கஜத்தில் என்றால், மிச்ச நூறு கஜத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் கணக்கில் பெரிய வித்தியாசம் தீ போகும் பாதையில் இருக்கிறது. சக்கிமுக்கியில் விசையை இழுத்ததும் கல் இரும்பில் உரசி, பொறி வெளிக் கிண்ணத்து மருந்தில் விழுந்து, அந்தத் தீ பக்கத்துத் துளை வழியாக உள்ளே நுழைய வேண்டும். கண்ணெதிரே பளிச்சென்று எரியும்போது முகத்தைச் சுளித்தால் குறி போச்சு. மழை வந்தால் கிண்ணத்து மருந்து பிசுபிசுத்துவிடும். கேப்பு வகை எவ்வளவோ தேவலை. ஆனாலும் பெரும்பாலானவற்றில் தீ ஒரு மூலை திரும்பித்தான் மருந்தைத் தொடுகிறது. இன்லைனில் மருந்துக்கு நேர் பின்னால் ஷாட்கன் தோட்டாவில் தீ மூட்டும் 209 பிரைமர். நல்ல மூடுள்ள மாடல்களில் ஈரம் எளிதில் அண்டாது. காலையெல்லாம் தூறலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சுத்தம் செய்வதில் இன்லைனும் தப்பமுடியாது. கரிமருந்துச் சாம்பல் ஈரத்தை இழுக்கும். குழலைக் கழுவாமல் விட்டால் துரு. கரிமருந்துக்குப் பதிலாக வரும் மாற்று மருந்துகள் பலவும் அப்படியே. இன்லைனின் பின்மூடியைக் கழற்றி நேராகத் துடைக்கலாம் என்பது ஒரு சௌகரியம். இக்காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை மட்டும் எதிலும் போட்டுவிடாதீர்கள். அதற்கென்றே செய்த ஒன்றிரண்டு மாடல்களைத் தவிர மற்றவற்றில் குழல் வெடிக்கும்.

வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பருவம் சக்கிமுக்கிக்கு மட்டும். கொலராடோவின் குழல்வாய்த் துப்பாக்கிப் பருவத்தில் தொலைநோக்கி, பிளாஸ்டிக் உறைக் குண்டு, வில்லையாகச் செய்த மருந்து மூன்றுக்கும் தடை. அங்கே இன்லைன் வைத்திருப்பவரும் பாதிப் பழையவர்தான்.

மரங்கள் நெருங்கிய காடு, குறுகிய தூரம் என்றால் நான் கேப்பு வைத்த பழையதையே எடுப்பேன். திறந்த வெளியும் மழை மேகமும் என்றால் இன்லைன். எதை எடுத்தாலும் ஒரே வெடி, முன்னால் ஒரு புகைத்திரை. மான் எந்தப் பக்கம் ஓடியது என்று அது கலைந்த பிறகுதான் தேட முடியும்.